தண்ணிப்பால் இராஜம்மாவுக்குப் பொன்னாடை

என் அம்மா திருடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் வருகிற மற்ற எல்லாரும் அவளைத் திருடி என்று சொல்லித்தான் கை தட்டுகிறார்கள். அதையும் ரொம்ப அன்போடு செய்கிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில் வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஓர் அறிவிப்பு வந்து விழுந்தது. நாடகச் செம்மல் அமரர் நல்லசாமி குறுநாடக விழா, ஞாயிற்றுக்கிழமை மதியம், கோலா சிலாங்கூர் டேவான் மண்டபத்தில். ஐந்து நாடகங்கள். மேலே எங்கள் வட்டாரப் பெரும்புள்ளி டத்தோ அழகேசன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். அவருக்குக் கீழே தபால்தலை அளவில் நல்லசாமி வாத்தியார். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு எழுத்தில், ‘சிறப்பு அங்கம்: “தண்ணிப்பால்” நாடகத்தின் நிஜ நாயகி திருமதி இராஜம்மா அவர்களுக்குப் பொன்னாடை’ என்று போட்டிருந்தது.

திருமதி இராஜம்மா என் அம்மா. எழுபத்தெட்டு வயது. புக்கிட் ரோத்தானில் என்னோடுதான் இருக்கிறாள். பொன்னாடை வேண்டுமா என்று அவளை யாரும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அதற்குள் குழுவில் கட்டைவிரலும் பூங்கொத்தும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ‘வாழ்த்துகள் தனேஸ்வரி அக்கா, உங்க அம்மாவால நம்ம தாமானுக்கே பெருமை’ என்று அடுத்த வரிசை வீட்டு விஜயராணி எழுதியிருந்தாள். நான் கோப்பிக் குவளையை வைத்த வேகத்தில் அதன் காது உடைந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கொஞ்சம் பழைய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நல்லசாமி எங்கள் ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் குட்டிக் குட்டி நாடகமாக எழுதி மேடையேற்றுவார். ஆம்பளைகளே பொம்பளை வேஷம் கட்டுவார்கள். மனுஷனுக்கு நகைச்சுவை வரும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவருடைய பெரிய வித்தை வேறு. தோட்டத்து ஆட்களின் பெயரை அப்படியே நாடகத்தில் வைத்துவிடுவார். பெயர் வந்ததும் கூட்டம் சிரிக்கும், சம்பந்தப்பட்ட ஆளைத் திரும்பிப் பார்த்து இன்னும் சிரிக்கும். இப்போது பட்டணத்துப் பேராசிரியர்கள் அதை மண்ணின் எதார்த்தம் என்கிறார்கள். எங்கள் லயத்து வீடுகளில் அதற்கு ஊர் வம்பு என்று பெயர். திருவிழா நெருங்கினால் ‘வாத்தியாரே, நம்ம பேரு வேணாம்’ என்று வீடு தேடிப்போய்க் கோழி கொடுத்தவர்களும் உண்டு. அம்மாவுக்கு அந்தச் சூது வாது தெரியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறை. மங்குக் கிண்ணங்களில் நிறைந்த ரப்பர் பாலை வாளியில் ஊற்ற நானும் அம்மாவோடு போயிருந்தேன். பால் எடுக்கப் போகிற நேரம் பார்த்து மழை கொட்டியது. ரப்பர் மரத்தில் கட்டியிருக்கும் மங்குக்கு மூடியா இருக்கிறது? எல்லார் பாலிலும் தண்ணீர்தான். அந்த மாதிரி நாளில் பாலை எடுப்பதா கொட்டுவதா என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர்தான் வந்து சொல்ல வேண்டும். எங்கள் மண்டோர் அப்பளசாமி கள்ளைக் குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால் எல்லாரும் பாலை எடுத்துக்கொண்டு அதை நிறுக்கும் ஸ்டோருக்குப் போனார்கள்.

அம்மா பால் வெட்டும் மர நிரை ஸ்டோருக்குப் பக்கத்தில். அதனால் வரிசையில் அவள்தான் முதல் ஆள். கணக்கெழுதும் கிராணி சோதனைக் குழாயை அவள் வாளிக்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கத்தினார் பாருங்கள், ஸ்டோர் தகரமே அதிர்ந்தது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி வந்து நின்றார்கள். எல்லார் பாலிலும் மழைதான் என்று காட்ட இன்னொரு வாளி மிச்சமில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பளசாமி, தன் வேலை போய்விடும் என்ற பயத்தில், ‘இவ ஆத்துத் தண்ணிய மொண்டு ஊத்துனத என் கண்ணால பாத்தேன்’ என்று சத்தியம் செய்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். வரிசையில் முதலில் நின்றதைத் தவிர அம்மா வேறு ஒரு தப்பும் செய்யவில்லை. நான் அவள் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றேன்.

அந்த வருஷத் திருவிழாவில் ‘தண்ணிப்பால்’ மேடையேறியது. இராஜம்மா என்றே பெயர். ஒரு தடிமாடு சேலை கட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டிப் பாடிக்கொண்டே கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டு வாளியில் ஊற்றுகிறான். கையும் களவுமாகப் பிடிபட்டதும், தலைக்கு மேல் கையை விரித்துக்கொண்டு, ‘மழைங்க ஐயா, மழை!’ என்கிறான். நாடகத்திலோ அப்போது வெயில் கொளுத்துகிறது. கிராணி கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான். கடைசியில் கூட்டமே அவனோடு சேர்ந்து ‘மழைங்க ஐயா, மழை!’ என்று கத்தியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

வாத்தியார் அப்பளசாமியையும் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடகத்தில் அவர் தள்ளாடிக்கொண்டு வரும் குடிகாரக் கோமாளி. ஆனால் மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் மண்டோரைப் பார்த்துச் சிரிக்க எவனுக்குத் தைரியம் இருந்தது? மொத்தச் சிரிப்பும் அம்மா பக்கம் வந்தது. அம்மா நடந்து போனால் பையன்கள் தலைக்கு மேல் கையை விரித்துக் காட்டினார்கள். அம்மா இரண்டு பசு மாடு வளர்த்து லயத்தில் பால் விற்றுக்கொண்டிருந்தாள். நாடகத்துக்குப் பிறகு ஒரு வீட்டில்கூட வாங்கவில்லை. ‘இராஜம்மா ஊட்டு மாடா? அது கறக்கறதே தண்ணிதான்’ என்பார்கள். அந்தத் தீபாவளிக்குள் மாடுகள் விற்றுப் போய்விட்டன. வேறு தோட்டத்துக்கு மாறினோம். நாங்கள் லோரியிலிருந்து சாமான் இறக்குவதற்குள் தண்ணிப்பால் என்ற பட்டப்பெயர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில்கூட ஒரு கிழவர் கோப்பியை வாங்கி உறிஞ்சிவிட்டு, ‘பரவால்ல, திக்காத்தான் இருக்கு’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்க வேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள், பொன்னாடையாம். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.

விழாவுக்கு முந்தின வாரச் சனிக்கிழமை காலையில் ஒத்திகை நடக்கும் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். ஒரே ஒரு பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டால் மாற்றமாட்டார்களா என்ற நப்பாசை. நடிக்கிற பிள்ளைகள் ரவாங்கிலிருந்து வந்தவர்கள். வாரம் முழுவதும் ஃபேக்டரியிலும் ஆபீசிலும் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் நாடகம் போடுகிறவர்கள். நல்ல பிள்ளைகள்தான். அம்மா வேஷம் கட்டிய பெண் அழகாக இருந்தாள். தலையில் துண்டு, காலில் நீளக் காலுறை. முந்தின நாள் இரவு கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிப்பூச்சி பார்த்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், மேடையேறியதும் இடுப்பை ஆட்ட ஆரம்பித்தாள்.

அப்போது நாடகத்து மண்டோர் மேடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, நிதானமான நடை. ‘மண்டோர் சின்னையா வராரு!’ என்று ஒருவன் குரல் கொடுத்தான். குடியும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. இராஜம்மாவைப் பிடித்து, ‘உழைச்சுச் சாப்புடணும் தாயி’ என்று புத்தி சொல்லி, கிராணியிடம் மன்னிப்பும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் சின்னையா என்று ஒரு மண்டோர் இருந்ததே இல்லை.

நாடகத்தை இயக்கும் ரூபினி என்ற பெண் கையில் தண்ணீர் போத்தலோடு வந்து என்னை வணங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். இராஜம்மாவின் மகள் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆண்ட்டி, உங்கம்மாவ நாங்க எவ்ளோ ரெஸ்பெக்ட் பண்றோம் தெரியுமா? அவங்க தண்ணி ஊத்துனது சாதாரண விஷயம் இல்ல. இட்ஸ் ரெசிஸ்டன்ஸ். வெள்ளக்காரன் கம்பெனிக்கு எதிரா ஒரு தோட்டத்துப் பொம்பள பண்ண போராட்டம் அது.”

“அம்மா போராடலம்மா. மழை பேஞ்சிச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். பாவம், நாடக வசனத்தைச் சொல்லி நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“மண்டோர் பேரு அப்பளசாமிதானே? எப்ப சின்னையா ஆனாரு?” என்று கேட்டேன்.

“ஓ, அதுவா? புனிதன் சார் மாத்தச் சொன்னாரு ஆண்ட்டி. அப்பளசாமி டத்தோவோட தாத்தாவாம். குடிச்சிட்டு வர சீன் கொஞ்சம் சென்சிட்டிவ்லா. சோ, எடுத்துட்டோம்.”

எனக்கு உச்சந்தலை சுட்டது. புனிதன் என்பவர் நல்லசாமி வாத்தியாரின் மகன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழாக் குழுத் தலைவர். மூலையில் உட்கார்ந்து பூமாலைக்கு யாரிடமோ போனில் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும் வரை எதிரில் நின்றேன்.

“சார், அம்மா பேர மட்டும் மாத்திருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல” என்றேன்.

“என்னா தனேசு இப்பிடிக் கேட்டுட்டே? இது கிளாசிக். அப்பா எழுதுனதுல ஒரு எழுத்த மாத்துனாலும் அவரு ஆத்மா நம்மள மன்னிக்காது.”

“அப்ப அப்பளசாமி எங்க சார் போனாரு?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வேற விஷயம். டேவான், லைட்டு, சாப்பாடு எல்லாம் டத்தோதான் பாத்துக்கிறாரு. முன்வரிசையில ஒக்காந்திருப்பாரு. அவரு மூஞ்சிக்கு நேரா அவரு தாத்தாவ குடிகாரன்னு காட்ட முடியுமா? மரியாதன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“எங்கம்மாவும்தான் முன்வரிசையில ஒக்காரப் போறாங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா திருடின்னு காட்டலாமா?”

“யாரு திருடின்னு சொன்னா? எத்தனையோ ஆயிரம் பேரு பால் வெட்டி வெட்டியே செத்தாங்க. யாரு பேராச்சும் இருக்கா? உங்கம்மா பேரு இருக்கு. எங்கப்பா நெலைக்க வச்சிட்டாரு. நீ சந்தோசப்படணும் தனேசு.”

“அவ்வளவு சந்தோசமான விஷயம்னா உங்கம்மா பேர வைங்க சார்” என்றேன்.

புனிதன் சாரின் முகம் கறுத்தது. ஆனாலும் தலைமையாசிரியர் அல்லவா, குரலை உயர்த்தவில்லை. “நீ கோவத்துல பேசுற. நான் தப்பா எடுத்துக்கல” என்றார். அம்மா வரமாட்டாள் என்று சொன்னேன். “அதெப்பிடி? போஸ்டர்ல போட்டாச்சே” என்றார்.

வீட்டுக்கு வந்தால் விஜயராணி எனக்கு முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எனக்கு என்னமோ பொன்னாட போடுறாங்களாமே” என்றாள்.

“நீ போவ வேணாம்மா. நான் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“நீ யாருடி எனக்குப் பதிலா சொல்றதுக்கு?” கீரைத்தண்டை ஒடித்தாள். அடுத்த தண்டை எடுத்துக்கொண்டே, “மைக்கு குடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் அம்மாவிடம் யார் மைக்கு நீட்டினார்கள்? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவர்களே அம்பலத்தைக் கட்டி, விளக்கும் போட்டு, வா வந்து ஏறு என்று கூப்பிடுகிறார்கள். ஏறட்டுமே. டத்தோ இருப்பார், புனிதன் சார் இருப்பார், எங்கள் தோட்டத்து மிச்ச சொச்சமெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கும். அவர்கள் எதிரில் அம்மா தன் வாயாலேயே சொல்லிவிட்டால் போதும். அவள் பெயர் ஒரு நாளாவது கழுவப்பட்டு நிற்கும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நிகழ்ச்சியை வழிநடத்துகிற செல்வாவை எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். அவனுக்குப் போன் போட்டு, பொன்னாடை போட்டதும் அம்மாவைப் பேசவிட வேண்டும் என்றேன். “கண்டிப்பாக்கா. நானே ஒரு கேள்வி கேட்டு எடுத்துக் குடுக்குறேன்” என்றான். அந்த வாரம் முழுவதும் அம்மாவைத் தயார் செய்தேன். மழை பெய்தது, மண்டோர் வரவில்லை, வரிசையில் முதலில் நின்றேன், அவ்வளவுதான். நீட்ட வேண்டாம், அழ வேண்டாம் என்றேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஊதாக் கரை போட்ட பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் உலர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை டேவான் நிறைந்துவிட்டது. தஞ்சோங் காராங்கிலிருந்தும் சுங்கை புரோங்கிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். டத்தோ வந்து, குத்துவிளக்கேற்றி, மாலை போட்டு, மாலை வாங்கி, கலையின் பெருமையை விளக்கி உட்கார்ந்தார். அம்மாவை முன்வரிசையில் அவருக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்காரவைத்தார்கள். இளம் பெண்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. போகப் போக அவளே சேலையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன்.

நான்கு நாடகம் முடிந்து ‘தண்ணிப்பால்’ வந்தது. அந்த ரவாங் பெண் தண்ணீர் மொண்டபோதே விசில் பறந்தது. பிறகு தலைக்கு மேல் கையை விரித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் டேவானே, ‘மழைங்க ஐயா, மழை!’ என்றது. கிழவர்கள் சொன்னார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளும் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த ஓர் ஆள் என்னை இடித்துக்கொண்டு கையை விரித்தார். அம்மா வைத்திருந்த ஒரே உண்மையையும் நல்லசாமி வாத்தியார் எடுத்து எப்போதோ சிரிப்பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். இது எனக்கு ஏன் முன்பே படவில்லை? எழுந்து முன்னால் போய், “ம்மா, வா, வீட்டுக்குப் போவலாம்” என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் மேடைக்கு அழைத்தார்கள். அந்த ரவாங் பெண்தான் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டாள். மேடையில் இரண்டு இராஜம்மா நின்றார்கள். டத்தோ பொன்னாடையைப் போர்த்தினார். அப்பளசாமியின் பேரன் என் அம்மா தோளில் ஜரிகைத் துணியைச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செல்வா மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அம்மா! இங்க இருக்குற அத்தன பேரும் கேக்க ஆசப்படுறது ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு நெசமாவே தண்ணி ஊத்துனீங்களா, இல்லையா?”

அவன் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தான். மைக்கை அம்மாவின் வாயருகே பிடித்தான்.

“அன்னிக்கு மழைங்க…” என்று அம்மா ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். டேவான் வெடித்தது. எல்லாக் கையும் மேலே போய் விரிந்தது. செல்வாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அம்மா சத்தம் அடங்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, முன்பைவிடக் குரலைத் தாழ்த்தி, “நெசமாலுமே மழைங்க. மண்டோர் வரல” என்றாள். மறுபடியும் சிரிப்பு. பின்வரிசையில் ஒருவன் நாற்காலிமேல் ஏறி, “சூப்பர் அம்மா! இன்னொரு தடவ!” என்று கத்தினான். நான் மேடைப் படிக்கட்டை நோக்கி நடந்தேன். ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு வழியை அடைத்திருந்தார்கள்.

அம்மா கூட்டத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மைக்கைச் செல்வாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“ஊத்துனேன்” என்றாள்.

விரிந்திருந்த கைகள் இறங்கின.

“ரெண்டு மங்கு ஊத்துனேன். இன்னுங்கூட ஊத்திருப்பேன். அதுக்குள்ள மண்டோர் சின்னையா வந்துட்டாரு.”

அப்படி ஒரு கைத்தட்டலை நான் அந்த டேவானில் கேட்டதில்லை. டத்தோ எழுந்து நின்று தட்டினார். அவர் எழுந்ததால் முன்வரிசை எழுந்தது, முன்வரிசை எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள். ரூபினி அழுதுகொண்டே ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். புனிதன் சார் மேலே பார்த்துக் கும்பிட்டார், அப்பாவின் ஆத்மாவுக்காக இருக்கும். அப்பளசாமி என்ற பெயரை அந்த மேடையில் சொல்ல மிச்சமிருந்த ஒரே வாய் அம்மாவுடையது. அந்த வாயும் சின்னையா என்று சொல்லிவிட்டது. தலைக்கு மேல் கையை விரித்துக் காட்டச் சொன்னார்கள். அம்மா விரித்துக் காட்டினாள்.

காரில் ஏறியதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று தெரியும். வெயில் இன்னும் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். ஊர் நெருங்கும்போதுதான் அடக்க முடியாமல் போய்விட்டது.

“ஏம்மா அப்பிடிச் சொன்ன? செய்யாதத ஏன் செஞ்சேன்னு சொன்ன? என்னா சொல்லணும்னு ஒரு வாரமா உனக்குச் சொல்லிக் குடுத்தேன்ல?”

“மழைன்னுதானே மொதல்ல சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். நீயும்தானே கேட்டுக்கிட்டு இருந்த?”

“சிரிச்சா சிரிக்கட்டும். நீ ஏன் ஆமான்ன?”

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுத்த வீட்டுச் சங்கதி சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“அம்பது வருசமா இல்ல இல்லன்னேன். கோயில்ல சூடத்த அணைச்சுச் சொன்னேன். ஒரு நாயும் நம்பல. உங்கப்பன் சாவுறதுக்கு மொத நாளு, ஆஸ்பத்திரில, என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘என்கிட்டயாவது சொல்லு இராஜம், ஊத்துனதானே?’ன்னு கேட்டான். அவனும் நம்பாமதான் செத்தான். இன்னிக்கு ஒரு தடவ ஆமான்னேன். எம்மாஞ் சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு, பாத்தியா?”

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தாள். அதற்காகத்தான் அவர்கள் ஒருவரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.